பந்தக்காலைத் தின்ற வண்டு

போன ஆடியில் கரியாலூருக்குப் போயிருந்தோம். நான், என் தங்கை, தங்கையின் பேரப்பிள்ளைகள் இருவர். அருவியில் தண்ணீரைவிடக் கூட்டம் அதிகம். குளித்துவிட்டு வந்து டீக்கடையின் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தபோது, சின்னவளின் ஈரத் துண்டின்மேல் ஒரு வண்டு வந்து விழுந்தது. செம்மஞ்சள் நிறம், வேப்பங்கொட்டை அளவு, முதுகெல்லாம் கறுப்புப் புள்ளி. பாடப்புத்தகத்தில் பார்த்த உரிமையோடு பெரியவள் அதை "லேடி பேர்ட்" என்றாள். நான் உடனே ஆரம்பித்துவிட்டேன். பொறிவண்டு இதைவிடச் சின்னது, உருண்டையாக இருக்கும், செடியில் அப்பியிருக்கும் அசுவினியைத் தின்னும். இது இலை தின்னும் வண்டு. அதுவும் கண்ட இலையைத் தின்னாது. ஒரே ஒரு மரத்தைத்தான் தேடிப் போகும். புள்ளிகளை எண்ணிப் பார், பதினாலு இருக்கும். எண்ணுவதற்குள் அது தெறித்துப் போய்விட்டது. பின்னங்கால் தடித்த வண்டு, தத்துக்கிளி மாதிரித் தாவும். பிள்ளைகள் சிப்ஸ் பொட்டலத்துக்குத் திரும்பிவிட்டார்கள். ஓய்வுபெற்ற நூலகர்களிடம் இதுதான் தொந்தரவு. கேட்காத புத்தகத்தையும் எடுத்து நீட்டுவோம்.

வண்டு இருந்தால் மரமும் பக்கத்தில் இருந்தாக வேண்டும். எழுந்துபோய்ப் பார்த்தேன். கடைக்குப் பின்னால் சரிவில் நின்றது, அம்பாழம், காயை ஊறுகாய் போடுகிற காட்டு மரம். ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி மோந்தேன். பச்சை மாங்காயை அப்போதுதான் அறுத்தது போல ஒரு வாசனை. மோந்ததும் ஊறுகாய் நினைவுக்கு வந்திருந்தால் நான் நிம்மதியான மனுஷி. எனக்கு அஞ்சலையின் நினைவு வந்தது.

என் முதல் வேலை ஒரு ஊர்ப்புற நூலகத்தில். கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகிற சாலையில், மலை தொடங்குவதற்குச் சற்று முன்னால் உள்ள ஊர். பெயரை விட்டுவிடுகிறேன், அந்தக் குடும்பத்து உறவுக்காரர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். நூலகம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓட்டுக் கட்டடத்தில் ஒரு அறை, இரண்டு பீரோ, நாளிதழ் படிக்க ஒரு மேசை, ஒரு தேதி முத்திரை. அந்த முத்திரையின் ரப்பர் வளையத்தைத் தினமும் காலையில் திருப்பி வைப்பதுதான் என் உத்தியோகத்தின் முதல் கடமை. எனக்கு இந்தத் தேதிப் பைத்தியம் பிடித்ததே அதிலிருந்துதான் என்பாள் தங்கை. முதல் மழை எந்தக் கிழமை பெய்தது, ஏரி எந்த வாரம் நிரம்பியது, யார் வீட்டில் எப்போது காதுகுத்து, எல்லாம் எழுதி வைப்பேன். எழுதி என்ன செய்தேன் என்று கேட்டால் பதில் இல்லை. தியாகதுருகத்தில் அப்பா வீட்டுப் பரணில் கிடந்த அத்தனையையும் என்னைவிடப் பொறுமையாகக் கரையான் படித்து முடித்தது.

ஒரு பெண் புத்தகத்தோடு நடந்தால் அவள் டீச்சர்தான் என்று ஊர் முடிவு செய்திருந்தது. இரண்டு மூன்று பேரிடம் திருத்திப் பார்த்துவிட்டு நானும் டீச்சராகவே இருந்துவிட்டேன்.

தியாகதுருகத்திலிருந்து தினமும் பஸ் மாறி வந்து போக முடியவில்லை. அதனால் அந்த ஊரிலேயே ஒரு வீட்டில் பின்னறையை வாடகைக்கு எடுத்தேன். வீட்டுக்கார அம்மா பெயர் குப்பம்மாள். கணவர் இறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மகன் ஏழுமலைக்குப் போர் வண்டியில் வேலை. ஆழ்துளைக் கிணறு போடும் லாரியோடு வடக்கே போனால் தீபாவளிக்கோ பொங்கலுக்கோதான் திரும்புவான். வீட்டில் இருந்தது குப்பம்மாள், மருமகள் அஞ்சலை, ஒரு எருமை. அஞ்சலை அடிவாரத்தின் கடைசி ஊர்க்காரி, என்னைவிட இளையவள். பேச்சு கொஞ்சம்தான், ஆனால் பேசினால் அதில் ஒரு குத்தல் இருக்கும். நான் துணி துவைக்கும் அழகைப் பார்த்து, புத்தகத்தில் இதற்கெல்லாம் பாடம் இல்லையா என்று முதல் வாரத்திலேயே கேட்டுவிட்டாள்.

முற்றத்தில், எருமைத் தொட்டியை ஒட்டி, கைக்கெட்டும் உயரத்தில் கிளைவிட்டு ஒரு இளமரம் நின்றது. அது அஞ்சலையின் கல்யாணப் பந்தக்கால். இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். எங்கள் பக்கம் பந்தக்காலுக்கு ஒதியங்கொம்பு நடுவது வழக்கம். வெட்டி எடுத்த கொம்பிலும் உயிர் ஓடும் மரம் அது. கல்யாணம் முடிந்ததும் பிடுங்கி, தண்ணீர் புழங்கும் இடமாகப் பார்த்து ஊன்றிவிடுவார்கள். துளிர்த்தால் அந்தக் கல்யாணம் நன்றாக இருக்கும் என்று நம்பிக்கை. துளிர்க்காவிட்டால் யாரும் வாய்விட்டு ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

அந்தக் கொம்பு முதல் மழைக்கே துளிர்த்ததாம். கொண்டுவந்து நட்டவர் குப்பம்மாளின் கணவர். ஏரிக்கரை ஒதியனை ஆடு மேய்ப்பவர்கள் மொட்டையாக்கிவிட்டதால், மாசி மாதம் பஸ் ஏறி மலைக்குப் போய் வெட்டித் தோளில் சுமந்து வந்தார். அடுத்து வந்த மார்கழியில் ஒரு சாயங்காலம் கிணற்று மேட்டில் கால் தவறி விழுந்து இறந்தார். குடித்திருந்தார் என்று ஊரில் பேச்சு. குப்பம்மாளும் அதை மறுத்துப் பேசியதில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் மரத்துக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். தாலி இல்லாத கை என்று சொல்லிக் குப்பம்மாள் அதைத் தொட மாட்டார். அஞ்சலையைச் செய்யச் சொல்லி, தள்ளி நின்று பார்ப்பார். மரம் பச்சையாக இருக்கிறவரை வடக்கே மகன் நன்றாக இருக்கிறான் என்பது அவர் மனதில் போட்டுவைத்த கணக்கு. ஏழுமலையிடமிருந்து தகவல் வர இருந்த ஒரே வழி சாலையோரத்துப் பாய் கடையின் டெலிபோன். அதில் அவன் குரல் எப்போதாவதுதான் வரும். மரமோ தினமும் கண் முன்னால் நின்றது. காலையில் கதவைத் திறந்ததும் குப்பம்மாள் பார்ப்பது அதைத்தான்.

நான் குடிபோன வருஷத்து மழைக்காலம் முழுக்க அது பளபளவென்று நின்றது. ஒரு இலையில்கூட ஓட்டை இல்லை. பெரியவர் கைராசி என்று தெருவில் சொல்வார்கள். குப்பம்மாள் முகத்தில் அந்த ஒரு பேச்சுக்குத்தான் வெளிச்சம் வரும்.

மறு வருஷம் ஆடியில் அஞ்சலையின் அம்மா வழுக்கி விழுந்து கால் முறிந்தது. குப்பம்மாளே அஞ்சலையை அனுப்பி வைத்தார். எருமைப்பால் ஒரு தூக்கு, கட்டுப் போட நல்லெண்ணெய், எல்லாம் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டு வந்தார். அம்மா கம்பு ஊன்றி எழுந்து நிற்பதற்குள் வெள்ளிக்கிழமைகள் சில கழிந்துவிட்டன. அந்த இடைவெளியில்தான் வண்டு வந்தது.

முதலில் தளிர்களில் ஓட்டை விழுந்தது. பிறகு இலையின் மேலே சேற்றைத் தெளித்தது போல ஈரமான கரும்பச்சைக் கட்டிகள். கிட்டப் போய்ப் பார்த்தால் அவை நகர்ந்தன. புழுக்கள். தங்கள் கழிவையே முதுகில் பூசிக்கொண்டு, ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தன. குருவியும் கோழியும் தொடாமலிருக்க அப்படி ஒரு சட்டை. பக்கத்துக் காம்புகளில் செம்மஞ்சள் வண்டுகள், விருந்துக்கு வந்தவர்கள் போல அவசரமில்லாமல். தளிர் முடிந்து முற்றிய இலைக்குப் போயின. இலை முடிந்தபோது மரத்தில் காம்பும் நரம்பும்தான் மிச்சம். தொட்டியில் தண்ணீர் குடிக்கும் எருமையின் முதுகில்கூட அந்தக் கரும்பச்சை எச்சம் சொட்டிக் கிடந்தது.

குப்பம்மாள் சாணித் தண்ணீர் தெளித்துப் பார்த்தார், சாம்பல் தூவிப் பார்த்தார். பிறகு இரண்டையும் விட்டுவிட்டு மரத்துக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் போனாள், மஞ்சள் நின்றது, மரம் மொட்டையானது. எல்லோருடைய பேச்சும் இந்த மூன்றையும் சேர்த்துத்தான் முடிந்தது.

நான் ஒரு வண்டைத் தீப்பெட்டியில் அடைத்து நூலகத்துக்கு எடுத்துப் போனேன். அட்டை கிழிந்த ஒரு பூச்சிப் புத்தகம் அங்கே இருந்தது. நான் சேர்ந்த நாள் முதல் அதை யாரும் எடுத்ததில்லை, தேதி முத்திரையின் சாட்சியோடு சொல்கிறேன். அதில் படத்தோடு இருந்தது. பதினான்கு புள்ளி இலைவண்டு. மழை தொடங்கியதும் மண்ணிலிருந்து வெளிவரும், அம்பாழ மரத்தின் இலையைத் தின்னும், புழு மண்ணுக்குள் போய்க் கூடு கட்டும், மறுபடியும் வரும். அம்பாழம் என்று படித்ததும் எனக்குச் சின்னதாக ஒரு சந்தேகம். மதியம் நூலகத்தைப் பூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். அங்கே ஒதியன் மறுபடி தழைத்து நின்றது, ஒரு புழு கூட இல்லாமல். இலையைக் கசக்கினேன். மாங்காய் வாசனை இல்லை. வீட்டு மரத்தின் காம்பைக் கிள்ளி மோந்தேன். மாங்காய்.

இரண்டும் ஒரே குடும்பத்து மரங்கள். இலை வரிசை கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். மாசியில் இரண்டும் ஒரு இலை இல்லாமல் சாம்பல் நிறத்தில் மொட்டையாக நிற்கும். மலையில் போய் ஒதியன் என்று நினைத்து அம்பாழத்தை வெட்டி வந்துவிட்டார் பெரியவர். அம்பாழமும் கொம்பிலிருந்து துளிர்க்கிற மரம்தான். அதனால் யாருக்கும் தெரியவில்லை.

கண்டுபிடித்த பெருமையில் வேகமாக வீட்டுக்கு நடந்தேன். முற்றத்தில் குப்பம்மாள் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்ததும் வேகம் குறைந்தது. பாதியைத்தான் சொன்னேன். இது வெறும் பூச்சி, மழைக்கு வரும், போய்விடும், அஞ்சலை போனதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"பூச்சி எல்லாத்துக்கும் பொதுதான டீச்சர்? ஏரிக்கர ஒதியன ஏன் தொடல?"

மருமகள்மேல் விழுந்த பழியை எடுக்க ஒரே வழி, இது ஒதியன் இல்லை என்று சொல்வது. அதைச் சொன்னால் அந்தக் கல்யாணத்துக்குப் பந்தக்காலே நடவில்லை என்று ஆகும். அதுவும் செத்துப்போன மனிதர் கையால் நட்டது.

மறுநாள் அஞ்சலை மதிய பஸ்ஸில் வந்து இறங்கினாள். முற்றத்தில் கால் வைத்ததும் மரத்தைத்தான் பார்த்தாள். குப்பம்மாள் திட்டவில்லை. திட்டியிருந்தால் சாயங்காலத்துக்குள் எல்லாம் சரியாகியிருக்கும். "ஏழுமல வர்ற வரைக்கும் ஒங்கம்மா வூட்லயே இரு அஞ்சல. இது துளுக்கட்டும், அப்பறம் பாத்துக்கலாம்" என்று மெதுவாகத்தான் சொன்னார். அஞ்சலை சரி அத்தை என்றாள். கொடியில் கிடந்த மாற்றுப் புடவையை எடுக்கக் கிணற்றடிக்குப் போனவளைப் பிடித்து நான் விஷயத்தைச் சொன்னேன்.

"தெரியும் டீச்சர்" என்றாள். "மொத எல வுட்டப்பவே கிள்ளி மோந்துட்டேன். எங்க ஊர்ல இதுக்குப் பேரு மாம்புளிச்சி. தொவையல் அரைப்பாங்க."

வண்டு வரும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் ஊரில் அந்த மரம் மழைக்கு மழை மொட்டையாகி மறுபடி தழைப்பதைப் பார்த்து வளர்ந்தவள். போன வருஷம் மரம் ஓட்டையில்லாமல் நின்றதற்குப் பெரியவரின் கைராசி காரணம் இல்லை. வாசல் தெளிக்க எழுந்ததும், மாமியார் கதவைத் திறப்பதற்கு முன்னால், ஒவ்வொரு இலையாகத் திருப்பி வண்டையும் புழுவையும் பொறுக்கிச் சாணிக் கரைசலில் போட்டுவிடுவாள். மழைக்காலம் முழுக்க இதைச் செய்திருக்கிறாள். பின்னறையில் படுத்திருந்த எனக்கு விடியற்காலையில் இலைச் சலசலப்பு கேட்டிருக்கிறது. காற்று என்று நினைத்திருக்கிறேன்.

இதைச் சொல்லிவிடலாமே என்றேன். அவள் புடவையை மடித்துக்கொண்டே சிரித்தாள்.

"சொன்னா என்னா ஆவும்? மாமா நட்டது பொய்யின்னு ஆவும். அத்தைக்கு அவுரு வச்சிட்டுப் போனது அது ஒண்ணுதான். என்ன அனுப்பிச்சா நான் போய் இருந்துட்டு வர்றேன். எல தானா துளுத்துக்கும்."

பிறகு என்னைச் சத்தியம் செய்யச் சொன்னாள். படித்தவர்களால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதாம். எதன்மேல் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "ஒங்க லைப்ரரி மேல" என்றாள்.

அவள் போன மறுநாள் முதல் அந்தப் பொறுக்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். சொல்வதற்கு எளிது. வண்டைத் தொட்டால் தெறித்துப் புடவை மடிப்புக்குள் போகும். புழுவைப் பிடித்தால் அதன் சட்டை கையோடு வந்துவிடும், புழு காம்பிலேயே இருக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த நாற்றம் விரலை விட்டுப் போகவில்லை. அந்த மாதம் புத்தகம் எடுத்துப் போன ஒரு போஸ்ட்மாஸ்டர், கதை நன்றாகத்தான் இருக்கிறது, காகிதம்தான் ஒரு மாதிரி இருக்கிறது என்றார்.

ஆவணியில் மரம் துளிர்த்தது. குப்பம்மாள் மறுபடி காலையில் கதவைத் திறந்ததும் நின்று பார்க்க ஆரம்பித்தார். அஞ்சலைக்குச் சொல்லி அனுப்பலாமா என்று அவராகவே என்னிடம் கேட்டார். இந்த வெள்ளி போகட்டும், அடுத்த வெள்ளி என்று தள்ளினார். அதற்குள் நான் தப்பவிட்ட புழுக்களெல்லாம் மண்ணுக்குள் கூடு கட்டி, வண்டாகி, புரட்டாசியில் மேலே வந்தன. புத்தகத்தில் போட்டிருந்ததுதான். படித்திருந்தும் என் கை அஞ்சலையின் கை ஆகவில்லை. இரண்டாவது முறையும் மரம் மொட்டையானது.

உறவுக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். வேறு பெண் பார்க்கலாம் என்று ஒருவர் சொன்னார். தீபாவளிக்கு வருகிறேன் என்று ஏழுமலை பாய் கடைக்குப் போன் செய்தபோது, குப்பம்மாள் அதைப் பற்றி அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வந்த உறவுக்காரரிடம் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம், நூலகத்துக்கு என்ன ஆனாலும் ஆகட்டும் என்று, நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மரம் ஒதியன் இல்லை என்பதை, வண்டு தேடி வருவது இந்த மரத்தைத்தான் என்பதை, போன வருஷம் இலைகளைக் காப்பாற்றியது யார் என்பதை.

அவர் கோபப்படவில்லை. எழுந்துபோய், மிச்சமிருந்த ஒரு தளிரைக் கிள்ளி மூக்கருகே வைத்துக்கொண்டு நின்றார். அந்த மரத்தை அவர் தொட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மோந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பட்டையப் பாத்தே மரத்துப் பேரச் சொல்ற மனுசன் டீச்சர் அவுரு. எல இல்லன்னா மட்டும் ஏமாறுவாரா? அந்த மாசியிலயே அவருக்குக் கண்ணு போயிட்டிருக்குது. எங்கிட்ட சொல்லல."

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. பெரியவர் தொட்டிக்கு வெளியே தண்ணீர் ஊற்றியிருக்கிறார். தெருவில் எதிரே வந்தவளை வேறு யாரோ என்று நினைத்துப் பெயர் மாற்றிக் கூப்பிட்டிருக்கிறார். கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போனவர் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறார். மகன் கல்யாணம் முடிகிறவரை வெளியே தெரியக்கூடாது என்று இருந்தவர், அப்புறமும் சொல்லவில்லை. சர்க்கரை வியாதியாக இருக்கலாம், யார் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் வீட்டில் ஒரே பேச்சுத்தான்.

"குடிச்சிட்டு வந்துட்டியான்னு கேட்டேன். ஒரு நாளும் இல்லன்னு சொல்லல அவுரு. கெணத்துமேட்டுல வுழுந்து கெடந்தப்பவும் நான் அதத்தான் சொல்லி அழுதேன்."

அருகில் போய் நின்றுகொண்டேன். எருமை கத்தியது. அவர் போய் அதற்கு வைக்கோல் போட்டுவிட்டு வந்து, நாளைக்கு லீவு போட முடியுமா, அஞ்சலை ஊருக்குப் போகணும் என்றார்.

காலை பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் மரவள்ளிக் கொல்லைகள், மக்காச்சோளம். மலை கிட்டே வர வர மேகம் தாழ்ந்து வந்தது. குப்பம்மாள் மடியில் ஒரு பை. அதில் புதுப் புடவை ஒன்றும் பூவும் மஞ்சளும் இருந்தன. மருமகளை அழைத்து வர மாமியார் நேரில் போவது எங்கள் பக்கம் நடக்கிற காரியமில்லை. பஸ்ஸில் இருந்த இரண்டு பேர் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்கள். அவர் மறைக்காமல் சொன்னார்.

அஞ்சலை வீட்டு வாசலில் சோளம் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் பாய் விரித்தாள், தண்ணீர் கொடுத்தாள், டீ போட்டாள். கால் கட்டோடு இருந்த அம்மாவுக்கு மகள் போய்விடுவாள் என்று ஒரு கண்ணிலும், போகட்டும் என்று இன்னொரு கண்ணிலும் எழுதியிருந்தது. குப்பம்மாள் சுற்றி வளைக்காமல் பேசினார். மரத்தைப் பற்றித் தெரிந்துவிட்டது, அவள் காலையில் செய்ததும் தெரிந்துவிட்டது, அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை, வீட்டுக்கு வா என்றார். அஞ்சலை என்னை ஒரு தடவை பார்த்தாள். அதில் கோபம் இல்லை. எதிர்பார்த்ததுதான் என்பது போலப் பார்த்தாள்.

பிறகு மாமியார் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"மரம் வேறன்னு தெரிஞ்சதும் வந்துட்டீங்க அத்த. அது ஒதியனாவே இருந்திருந்தா?"

குப்பம்மாள் மடியிலிருந்த பையை எடுத்துப் பாய்மேல் வைத்தார்.

"அப்பவும் நான் இதே அஞ்சலதான. நான் வர்ல அத்த."

குரலை உயர்த்தவில்லை. சோளத்தைக் கையால் பரப்பிக்கொண்டே சொன்னாள். அவள் அம்மா ஏதோ சொல்லப் போனார். அஞ்சலை கையை நீட்டித் தடுத்தாள். பிறகு, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று எங்களைப் பிடித்து உட்கார வைத்தாள். சாப்பிட்டோம். களியும் கீரையும். கிளம்பும்போது குப்பம்மாள் பையைப் பாய்மேலேயே விட்டுவிட்டு எழுந்தார். அஞ்சலை அதை எடுத்துவந்து பஸ் நிறுத்தத்தில் என் கையில் கொடுத்தாள். பூவை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தாள்.

தீபாவளிக்கு வந்த ஏழுமலை விஷயம் கேட்டு அன்றே அவள் ஊருக்குப் போனான். அவன் அம்மாவைக் கடிந்து ஒரு வார்த்தை பேசியதாகத் தெரியவில்லை. மனைவியை வற்புறுத்தவும் இல்லை. வேறு பெண் என்று பேசிய உறவுக்காரர் பொங்கலுக்கு வரவில்லை. போர் வண்டியை விட்டுவிட்டு ஏழுமலை அஞ்சலை ஊரிலேயே மரவள்ளி போட ஆரம்பித்தான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போவான். பிள்ளை பிறந்தபோது தூக்கிக்கொண்டு வந்து காட்டினான். அஞ்சலை வரவில்லை. வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பவும் இல்லை. அதனால் குப்பம்மாள் காத்திருந்தார்.

அடுத்த ஆடியில் வண்டு வந்தபோது அவரே பொறுக்க ஆரம்பித்தார். எனக்குச் சின்னசேலத்துக்கு மாற்றல் வருகிறவரை வருஷா வருஷம் அதைப் பார்த்தேன். மரம் கைக்கெட்டாமல் போய்விடக்கூடாது என்று கோடையில் கொம்புகளை ஒடித்துக் கட்டையாகவே வைத்திருந்தார். மழை தொடங்கியதும், காலையில் வாசல் தெளிப்பதற்கு முன்னால், இலை இலையாகத் திருப்புவார். இப்போது அது பந்தக்கால் இல்லை என்று ஊருக்கே தெரியும். மஞ்சள் பூசுவதும் நின்றுவிட்டது. அப்புறம் எதற்கு இந்தப் பாடு என்று ஒருநாள் கேட்டேன்.

"பூச்சி தின்ன மரத்தப் பாத்துக்கினு எப்பிடி டீச்சர் அவ உள்ள வருவா?" என்றார்.

அந்த ஊருக்கு இப்போது பஸ்ஸில் போனால் எங்கே இறங்குவது என்று எனக்குத் தெரிவதில்லை. சாலை அகலமாகிவிட்டது. பாய் கடை இருந்த இடத்தில் செல்போன் ரீசார்ஜ் கடை வந்து, அதுவும் மூடிவிட்டது. நூலகத்து ஓட்டுக் கட்டடம் இல்லை. ஏரிக்கரை ஒதியனை எந்த வருஷம் வெட்டினார்கள் என்று விசாரித்தேன். தேதி கேட்கிற என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். அப்படி ஒரு மரம் இருந்ததே அங்கே யாருக்கும் நினைவில்லை. கல்யாணங்களெல்லாம் மண்டபத்துக்குப் போய்விட்டன. மண்டபத்தில் பந்தக்காலுக்கு ஒரு இரும்புக் குழாய் தயாராக வைத்திருக்கிறார்கள். நுனியில் இரண்டு மாவிலையைக் கட்டி, முகூர்த்தம் முடிந்ததும் கழற்றி அடுத்த கல்யாணத்துக்குச் சாத்தி வைக்கிறார்கள். அது துளிர்க்காது. அதை வண்டும் தின்னாது. அதற்காக விடியற்காலையில் எழுந்திருக்கவும் யாருக்கும் தேவை வருவதில்லை.

சில வருஷங்களுக்கு முன்னால் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் ஏழுமலையைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. அம்மா தவறிவிட்டார்கள் என்றான். ஆவணியில். மழைக்கு முந்தியே படுத்துவிட்டதால் அந்த வருஷம் பொறுக்க ஆள் இல்லை. மரம் மொட்டையாகத்தான் நின்றதாம். நான் கேட்க நினைத்ததை அவனே சொன்னான்.

"அஞ்சல வந்துச்சுங்க டீச்சர். காரியம் முடியற வரைக்கும் இருந்துச்சு. வூட்டப் பெருக்கி, தண்ணி வுட்டுக் கழுவி, கடைசியா அதுதான் பூட்டுச்சு."

அஞ்சலை அந்த வீட்டுக்குள் மறுபடி கால் வைத்தது அப்போதுதான். பிறகு சாலைக்காக அந்த வரிசை வீடுகளை எடுத்தார்கள். நஷ்ட ஈடு வாங்க ஏழுமலை மட்டும் போய்வந்தான். பூட்டைத் திறக்க யாரும் போகவில்லை. கதவோடு சேர்த்தே இடித்துவிட்டார்கள்.